வாத்து மோதிய வகையறா

அமெரிக்க தேசத்து வைத்தியர்கள் காகிதத்தைக் கைவிட்டு, நோயாளியின் சரித்திரத்தைக் கணினியில் எழுதுவதே உசிதமென்று 2009-இல் சட்டம் இயற்றி, இணங்குவோருக்கு மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டின் மூலம் தலைக்கு 44,000 டாலர் வரை சன்மானமும், இணங்காதோருக்குப் பிற்பாடு கட்டணக் குறைப்பும் விதித்த அரசாங்கத்தின் பரோபகார சிந்தையைச் சந்தேகிப்பதற்கில்லை. எழுதப்படுவது நோயின் சரித்திரமா, பில்லுக்கு வேண்டிய சாட்சியமா என்பதில்தான் சிறிது மயக்கம். 2015 அக்டோபர் முதல் தேதியன்று, பில்லில் குறிக்கவேண்டிய, சுமார் 14,000-ஆக இருந்த நோய்க் குறியீடுகள் 69,000 அளவுக்குப் பெருகிவிட்டபடியால், வாத்து கடித்தவருக்கு ஒன்று, வாத்து மோதியவருக்கு வேறொன்று, ஜெட் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டவரின் முதல் வருகைக்கு ஒன்று, (அன்னார் பிழைத்து மறுபடியும் வருவாரென்ற தீர்க்கதரிசனத்தோடு) அடுத்த வருகைக்கு மற்றொன்று என யாதொரு குறைவுமின்றி ஏற்பாடாகியிருக்கிறது. சாமானிய முதுகுவலிக்காரர் தமது வேதனையை விவரிக்கையில் வைத்தியர் திரையை நோக்கியே தலையசைக்கிறார். அச்சங்கடத்தைப் போக்க, பக்கத்தில் அமர்ந்து தட்டச்சு செய்வதற்கென்றே ‘ஸ்கிரைப்’ என்னும் குமாஸ்தாவைச் சம்பளத்துக்கு அமர்த்தும் வழக்கமும் ஏற்பட்டுவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியார் குறியீட்டில் ஓரெழுத்து பிசகியதைக் கண்டுபிடித்து பில்லைத் திருப்பியனுப்புகிறார்கள்; வைத்தியர் எழுதும் சரித்திரத்தை ஆதியோடந்தமாக வாசிக்கும் ரசிகர்கள் அவர்கள்தாம் போலும்.