எழுபத்திரண்டில் ஒரு பங்கு: லங்காஸ்டர் ஒட்டுதல் குறித்த ஓர் ஆராய்ச்சி

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை ஓட்டிய ஆவ்ரோ லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றி அலமாரி கொள்ளாத அளவுக்கு நூல்கள் உண்டு. அதைப் பிளாஸ்டிக்கில் ஒட்டி, வண்ணம் பூசி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, யாரும் தொடக் கூடாது என்று காவல் காக்கும் பெருமக்களைப் பற்றி முறையான ஆய்வு எதுவும் நம் பார்வைக்கு வந்ததில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. நீங்குமா என்பது வேறு விஷயம்.

அளவையிலிருந்து தொடங்குவதே மரபு. இத்துறையில் பெருவழக்காக உள்ள அளவு 1/72. ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்பது இதன் கணக்கு. ஆறடி ஆள் ஓரங்குலம் ஆகிவிடுவான். லங்காஸ்டரின் இறக்கை நுனிக்கு நுனி 102 அடி. 72-ஆல் வகுத்தால் சரியாக 17 அங்குலம், மிச்சம் இல்லை. இவ்வளவு சுத்தமாக வகுபடுவதால், விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக் ஒட்டுவோரை மனத்தில் கொண்டே இறக்கையை வரைந்தார் என்று வாதிட இடமுண்டு. நாம் அவ்வாறு வாதிடவில்லை. இடமுண்டு என்பதை மட்டும் பதிவுசெய்கிறோம்.

நீளத்துக்கு ஒருமுறை வகுத்தால் போதும். எடைக்குப் போதாது, 72-ஐ 72-ஆல் பெருக்கி, மறுபடியும் 72-ஆல் பெருக்கி, வரும் 3,73,248-ஆல் வகுக்க வேண்டும். சுமையேற்றாத லங்காஸ்டரின் எடை ஏறத்தாழ 16,700 கிலோ. ஆகவே மேசை மேலிருக்கும் நேர்மையான லங்காஸ்டர் 45 கிராமைத் தாண்டக் கூடாது. அதன் நான்கு மெர்லின் என்ஜின்களில் ஒவ்வொன்றின் கொள்ளளவு 27 லிட்டர்; நம் கணக்கில் அது 0.07 மில்லிலிட்டர், கண்மருந்தில் ஒன்றரைச் சொட்டு. தின்னரின் நெடியும், சாப்பாட்டு மேசையை யாரைக் கேட்டுப் பிடித்தாய் என்ற வீட்டாரின் கேள்வியும் எந்த எண்ணாலும் வகுபடுவதில்லை.

வகுத்தலில் மகிழ்ந்தவர் பெருக்கலுக்கு அஞ்சியே ஆக வேண்டும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் லங்காஸ்டர் கிட்டை 1958-இல் வெளியிட்டது. அக்காலத்துக் கிட்டுகளில் ரிவெட் தலைகள் புடைத்துக்கொண்டு நிற்கும். அரை மில்லிமீட்டர் ரிவெட்டை 72-ஆல் பெருக்கினால் 36 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட ரிவெட்டை அடிக்கத் தனித் தொழிற்சாலை வேண்டும். பின்வந்த தலைமுறை இதைக் கண்டு நகைத்து, உப்புத்தாளால் ரிவெட்டையெல்லாம் தேய்த்துவிட்டு, தகடுகள் சேரும் இடங்களில் கோடு கீறிற்று. கால் மில்லிமீட்டர் கோட்டைப் பெருக்கினால் 18 மில்லிமீட்டர் பிளவு. அந்த இறக்கையில் பெட்ரோல் நிற்காது. ஆனால் பிளவுக்குள் கருஞ்சாயத்தை ஓடவிட்டு அதை இன்னும் எடுப்பாகக் காட்டுவதே தேர்ந்த கைக்கு அடையாளம் என்று இன்றும் கருதப்படுகிறது. வண்ணத்தின் கதியும் இதுவே. பிரஷ் பூச்சு பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடித்தாலும் பெருக்கத்தில் அது 7.2 மில்லிமீட்டர், விமானம் முழுக்க ஊத்தப்பம் போர்த்தியது போலாகும். ஏர்பிரஷ் விற்பவர்கள் இந்தக் கணக்கை ஏன் விளம்பரத்தில் போடுவதில்லை என்பது புரியவில்லை.

அடுத்து வருவது இத்துறையின் தத்துவச் சிக்கல். லங்காஸ்டரின் உடல் இடம், வலம் என இரண்டு ஓடுகளாகக் கிட்டில் வரும். உள்ளே விமானியின் இருக்கை, வழிகாட்டியின் மேசை, ரேடியோக்காரரின் பெட்டிகள். முன்னறைக்குக் கருப்பு, அதற்குப் பின்னால் பச்சை என்று ஒற்றை மயிர் பிரஷ்ஷால் இவற்றுக்கு வண்ணம் தீட்டுவார்கள். பிறகு இரண்டு ஓடுகளையும் பசை வைத்து மூடுவார்கள். அந்தப் பசை ஒட்டுவதில்லை; பிளாஸ்டிக்கை இருபுறமும் உருக்கி ஒன்றாக்குகிறது. இனி உள்ளே இருப்பதை ஒருவரும் காணப்போவதில்லை. காணாததற்கு வண்ணம் எதற்கு என்பது ஒரு கட்சி. மூடுமுன் படம் எடுத்துக்கொள்ளலாமே என்பது மறுகட்சி. உள்ளே ஒன்றும் பூசாமல் மூடிவிட்டு, எல்லாம் பூசியிருக்கிறேன் என்று சொல்லும் மூன்றாம் கட்சியும் உண்டு. தர்க்கப்படி இதை மறுக்க வழியே இல்லை. நம் ஆதரவு அதற்கே.

மாதிரி வேலை என்றால் இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு சொல். லண்டனுக்கு வடமேற்கே, வாட்ஃபர்டை அடுத்த கார்ஸ்டனில் ஜெர்மனியின் மோனே அணைக்கு 1/50 அளவில் ஒரு மாதிரி கட்டினார்கள். அணையை எப்படி உடைக்கலாம் என்று வெடிவைத்துப் பார்ப்பதற்கு. 1943 மே 16 இரவு 19 லங்காஸ்டர்கள் அந்த வேலையை முழு அளவில் செய்யக் கிளம்பின, எட்டு திரும்பவில்லை. கார்ஸ்டன் மாதிரி இன்றும் இருக்கிறது. அதன்மேல் நம் ஏர்ஃபிக்ஸ் விமானத்தைப் பறக்கவிட முடியாது, அளவு உதைக்கும்: 1/50-க்கு இறக்கை ஏறத்தாழ இருபத்துநாலரை அங்குலம் இருந்தாக வேண்டும். ஜப்பானின் தமியா நிறுவனம் 1975-இல் வெளியிட்ட 1/48 லங்காஸ்டர் ஓரங்குலம் மிஞ்சும். நெருங்கிய தீர்வு அதுதான்.

இனிக் கண்ணாடி. லங்காஸ்டருக்கு மூக்கில் ஒன்று, முதுகில் ஒன்று, வாலில் ஒன்று எனச் சுழலும் துப்பாக்கிக் கூண்டுகள். கிட்டில் இவை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக வரும். உடனடிப் பசையை இவற்றின் அருகே கொண்டுபோனால், பசையின் ஆவி படிந்து கூண்டு வெண்படலம் பூத்துவிடும். அழுதும் துடைத்தும் பயனில்லை. இங்கேதான் வரலாற்றுப் புலமை கைகொடுக்கிறது. போரின்போது வால்கூண்டில் இருந்தவர்கள் பலர், தமக்கு நேர் எதிரே இருந்த கண்ணாடிப் பலகையையே கழற்றிவிட்டார்கள். கண்ணாடியில் ஒரு கீறலோ அழுக்கோ இருந்தால் இருட்டில் அது எதிரி விமானமாகத் தெரியும். எதிரி விமானம் வெறும் அழுக்காகத் தெரியும். ஆகவே படலம் பூத்த பலகையைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, இதுவே சரித்திர உண்மை என்று அறிவித்துவிடலாம். கைப்பிசகை ஆதாரபூர்வமாக்கும் இந்த வசதி கோலம் போடுவோருக்குக்கூடக் கிடையாது.

கண்ணாடி இல்லாத அந்தக் கூண்டில், 20,000 அடி உயரக் குளிரில், மின்சாரத்தால் சூடேற்றும் உடையோடு மணிக்கணக்கில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தனர். அவர்களின் குண்டுகளுக்குக் கீழே இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. இந்த எண்களை 72-ஆல் வகுக்கும் முறை நம் அளவையியலில் இல்லை.

வண்ணத்துக்கு வருவோம், சண்டைகள் மிகுந்த பகுதி. மேற்புறம் அடர்மண் நிறமும் அடர்பச்சையும் வளைந்து வளைந்து கலந்திருக்கும். கீழ்ப்புறமும் பக்கங்களும் கருப்பு. ஹம்ப்ரால் வண்ண டப்பாக்களின் எண்ணில் சொன்னால் 29, 30, 33. இதோடு கதை முடிந்தது என்று பாமரர் எண்ணுவர். விமானப்படை அந்தக் கருப்பைக் கருப்பு என்று அழைக்கவில்லை, ‘இரவு’ என்றே பெயரிட்டது. கரித்தூளோடு நீலமும் கலந்தது அது; எனவே 33-ஆம் எண் டப்பா வைதிகர்களுக்கு ஆகாது. போரின் முற்பகுதியில் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பூசிய சொரசொரப்பான கருப்பு புகைக்கரி போலிருந்தது. காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைக்கவே, பின்னர் வழவழப்பானதற்கு மாறினார்கள். எந்த மாதத்து விமானத்துக்கு எது என்பதில் நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வது இயல்பு.

இதிலும் நுட்பமானது வெளுப்புக் கோட்பாடு. தூரத்துப் பொருள் காற்றுத்திரையால் வெளுத்துத் தெரியும். ஆகவே சிறிய விமானத்தின் வண்ணத்திலும் வெள்ளையைக் கலக்க வேண்டும் என்பார்கள். எவ்வளவு என்றால் ஆளுக்கொரு விடை. நாம் சோதித்துப் பார்த்தோம். மாதிரியை ஓரடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது நிஜ விமானத்தை 72 அடியிலிருந்து பார்ப்பதற்குச் சமம். தெருவில் 72 அடி தள்ளி நின்ற கருப்பு ஸ்கூட்டர் கருப்பாகவே இருந்தது. இந்த முடிவை வெளுப்புக் கட்சியார் ஏற்கவில்லை. அன்று காற்றில் ஈரப்பதம் போதவில்லையாம்.

இத்தனை பூசலுக்கும் மருந்து 1942-லேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. எதிரி விமானங்களை அடையாளம் காணப் பழகுவதற்காக அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் 1/72 அளவில் 5 லட்சம் மர மாதிரிகள் கேட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே நிறம்: கருப்பு. எந்தக் கருப்பு என்று ஒரு பிள்ளையும் கேட்டதாகத் தெரியவில்லை.

நிஜ விமானத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். வடக்கு லண்டனின் ஹெண்டனில், விமானப்படை அருங்காட்சியகத்தில், ஆர்5868 என்ற லங்காஸ்டர் நிற்கிறது. 137 முறை தாக்குதலுக்குப் போய்த் திரும்பியது. ஜெர்மனியின் வானில் எதிரி விமானம் பறக்காது என்று அந்நாட்டு விமானப்படைத் தலைவர் கோயரிங் அடித்த சவடாலை அதன் மூக்கிலேயே எழுதி, கீழே போய்வந்த கணக்குக்குக் குண்டு குண்டாக வரைந்திருக்கிறார்கள். போருக்குப் பின் 1959 முதல் அது ஸ்காம்ப்டன் விமானதள வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றது. 1972-இல் ஹெண்டனுக்கு வந்தது. இடையில் மறுபடி மறுபடி பெயிண்ட் அடித்து, பக்கவாட்டு எழுத்துகளையும் மாற்றினார்கள். போரின்போது பூசிய ‘இரவு’ அங்கே கண்ணுக்குக் கிடைக்காது. பின்னாளில் யாரோ ஒரு பெயிண்டர் பூசியதுதான் கிடைக்கும். ஆகவே அதுவும் ஒரு மாதிரியே, அளவு 1/1 என்று இவ்வாய்வு முடிவுகட்டுகிறது. மாற்றுக்கருத்து உடையவர்கள் வண்ண டப்பாவோடு நேரில் சென்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். அனுமதி இலவசம்.