போதகர் கேட்கும் எக்கோ

கேள்வி: எங்கள் சபை தகரக் கூரை. சனிக்கிழமை சாயங்காலம் மிக்சரை அழகாகச் செட் பண்ணி வைக்கிறோம். ஞாயிறு காலை எல்லாம் மாறிவிடுகிறது. யார் கை வைக்கிறார்கள்? (ராசிபுரம் வாசகர்)

பதில்: யாரும் கை வைக்கவில்லை. சபையார் வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்! உடம்பும் உடுப்பும் ஒலியைக் குடிக்கும். 1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு புது அரங்கில் பேச்சே புரியவில்லை. வாலஸ் சாபின் என்ற இளம் பேராசிரியர், வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை அங்கே கொண்டுபோய் அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதவிட்டு, முழக்கம் எத்தனை நொடியில் அடங்குகிறது என்று ராத்திரி ராத்திரியாக அளந்தார். கட்டட ஒலியியல் அங்கேதான் பிறந்தது. உங்களுக்கு மெத்தை வேண்டாம். பின்சுவரில் கனத்த திரைச்சீலையை ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். ஸ்பீக்கர் பாக்ஸைக் கூரையைப் பார்க்க வைக்காமல் ஜனங்களைப் பார்க்கத் திருப்புங்கள். ஞாயிறு முதல் பாட்டிலேயே கெயினையும் டோனையும் மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: பிரசங்கத்துக்கு நடுவே போதகர், "தம்பி, எக்கோ இன்னும் கொஞ்சம்" என்கிறார். கூட்டலாமா? (ஆத்தூர் வாசகர்)

பதில்: பாட்டுக்குத் தாராளமாக. பிரசங்கத்துக்கு வேண்டவே வேண்டாம். தகரக் கூரை இலவசமாகவே எக்கோ தருகிறது! க, ட, த, ப எல்லாம் கண நேரத்தில் வெடித்து மறையும் ஒலிகள். முந்தின நெடில் இழுத்துக்கொண்டே இருந்தால் அவை அமுங்கிப்போகும். கடைசி பெஞ்சில் காது மந்தமான பாட்டிக்குச் சத்தம் கேட்கும், வசனம் கேட்காது. அந்தப் பாட்டிக்காகத்தான் மைக்கே வைத்திருக்கிறோம். ஆராதனை முடிந்ததும் ரெக்கார்டிங்கை ஐயாவிடமே போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: மண்டபக் கச்சேரியில் பையன்கள் பாடினால் மட்டும் மைக் கீச்சிடுகிறது. ஏன்? (நாமக்கல் வாசகி)

பதில்: மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறார்களா, பாருங்கள். பின்பக்கச் சத்தத்தை ஒதுக்கும் வழி அந்தத் தலையின் வலைக்குள்தான் இருக்கிறது. பொத்தினால் மானிட்டர் சத்தமும் உள்ளே புகுந்து சுழலும். பாடாதவர் மைக்கை இறக்கிவிடுங்கள். திறந்த மைக் இரட்டிப்பானால், கீச்சிடும் முன் ஏற்றக்கூடிய அளவு சுமார் 3 டெசிபல் குறையும்.

கேள்வி: கீபோர்டைச் சொருகினதும் 'ம்ம்ம்' என்கிறது. எர்த் பின்னை எடுத்துவிடலாமா? (ஓமலூர் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. பாடுகிறவர் உயிருக்கே ஆபத்து. கீபோர்டுக்கும் மிக்சருக்கும் ஒரே பிளக் போர்டில் கரண்ட் கொடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இரண்டுக்கும் நடுவே டிஐ பாக்ஸ் (இந்த இரைச்சலைத் தடுக்கும் சிறு பெட்டி) போடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போவேன் என்கிறார். ஆண்டவரைத் துதிக்க உரிமையில்லையா? (சங்ககிரி வாசகர்)

பதில்: துதிக்க உண்டு. அடுத்தவர் காதில் ஒலிபெருக்கியால் இரைய இல்லை. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு சபைமீது குடியிருப்போர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் சொன்னது இதுதான். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. சித்திரை வெயிலில் ஜன்னலைச் சாத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. பேஸை முதலில் குறையுங்கள், சுவரைத் தாண்டிப் போவது அதுதான். பிறகு அவர் வீட்டு வாசலில் நின்று ஒரு பாட்டை முழுசாகக் கேளுங்கள்.