அடுத்த மாடல் வரட்டும்

என் மச்சான் மேக்புக் வாங்கக் கிளம்பியது 2020 நவம்பரில். எம்1 சிப் அப்போதுதான் வந்திருந்தது. "முதல் தோசை கல்லுல ஒட்டும் மாப்ளே, எம்2 வரட்டும்" என்றார். 2022-இல் எம்2 வந்தது. எம்3 வரட்டும் என்றார். 2023-இல் அதுவும் வந்தது. தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்தார். தீபாவளியும் போய் மார்கழி பிறந்துவிட்டது, மார்கழியில் யாராவது புதுச் சாமான் வாங்குவார்களா? 2024-இல் எம்4, 2025-இல் எம்5.

இதற்கிடையே பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்து, சார்ஜரைப் பிடுங்கினால் உயிர் போய்விடுகிறது. திரை நிமிர்ந்து நிற்காது. பின்னால் ஊறுகாய் ஜாடி முட்டுக்கொடுத்திருக்கிறது. அந்தத் திரையில்தான் தினமும் எம்6 வதந்திகளைப் படிக்கிறார்.

நேற்று கடைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு மணி நேரம் விசாரித்துவிட்டு, ஒரு மவுஸ் பேட் வாங்கிவந்தார்.