புல்லட்டுக்கு மூலபாடம் உண்டா? வாசற்படி சார்ந்த ஒரு பதிப்பியல் ஆய்வு

பழைய மோட்டார் சைக்கிளைச் சீர்செய்வது மெக்கானிக் வேலை என்றொரு எண்ணம் நாட்டில் பரவியிருக்கிறது. பிழையான எண்ணம். அது பதிப்பு வேலை. செல்லரித்த ஏடு, பிற்காலத்தார் செருகிய வரிகள், ஒன்றுக்கொன்று ஒவ்வாத படிகள், எதைக் கேட்டாலும் விடை வைத்திருக்கும் உரைகாரர்கள், “இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்கும் வீட்டார் என எல்லாம் கூடிவந்த துறை, சுவடிப் பதிப்பை விட்டால் இரும்பு எஞ்சின் புல்லட் ஒன்றுதான். ஆகவே 350 சி.சி. புல்லட்டை ஒரு நூலாகவே பாவித்து, அதற்கு மூலபாடம் உண்டா என்று இக்கட்டுரை ஆராய்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உண்டு. ஆனால் அது வண்டியில் இல்லை, தரையில் இருக்கிறது.

நூல் வரலாறு வருமாறு. ‘புல்லட்’ என்ற பெயர் 1932 முதல் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு ஆலையில் வழங்கிவந்தது. பின்சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் வைத்த, நாம் அறிந்த உருவம் 1940-களின் இறுதியில் வந்தது. இந்திய ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டதை ஒட்டி 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு ஏற்பட்டு, என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. முதலில் பாகங்களை வரவழைத்துச் சென்னையில் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாவற்றையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். பிறகு நடந்ததுதான் பதிப்பாசிரியனுக்கு மயிர்க்கூச்செறியும் கட்டம். 1967-ல் ரெடிட்ச் ஆலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. மூல ஏடு அழிந்தது. சென்னையின் திருவொற்றியூர் ஆலையில் மட்டும் படியெடுப்பு நிற்கவில்லை. 1977-ல் அந்தப் படி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. தம் நூலைத் தாமே விலை கொடுத்து வாங்கிப் படிக்க நேர்ந்த அந்த ஊர் வாசகர்கள் என்ன நினைத்தார்களோ, அது வேறு ஆய்வு.

துளை 70 மி.மீ., வீச்சு 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. என்ற அடிப்படை யாப்பு ஐம்பது ஆண்டுக்கு மேல் மாறவில்லை. ஆனால் படியெடுத்த கைகள் சும்மா இருக்கவில்லை. 6 வோல்ட் 12 வோல்ட்டானது. கார்புரேட்டர் மாறியது. பின்விளக்கு மாறியது. இதனால் விளைந்த நன்மை, 1968-ன் பாகம் பெரும்பாலும் 1988-ன் வண்டிக்குப் பொருந்தும். தீமை, பொருந்தாததும் சுத்தியலால் பொருந்திவிடும். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்கு எத்தனையோ இடையூறுகள் இருந்தன. ஏட்டைச் சுத்தியலால் அடித்து இன்னொரு ஏட்டில் பூட்டிய முன்னோர் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

இங்கே ஆய்வுக்கு எடுத்த படி 1970-களின் முற்பகுதியது. மூன்றெழுத்துப் பதிவெண் கொண்டது. கிடைத்த இடம் காவிரிப் படுகையில் ஒரு மாட்டுக் கொட்டகை. காப்பாளர், ஆய்வாளருக்குச் சித்தப்பா முறை. “தாராளமா எடுத்துக்கிட்டுப் போப்பா. சீட்டுல கோழி அடைகாக்குது, பொரிச்சதும் வா” என்றார். ஏட்டுச் சுவடியைப் பரண்மேல் எலிகள் காத்தன, புல்லட்டைக் கோழி காத்தது. தமிழ் மரபில் ஆவணக் காப்பகம் என்பது பெரும்பாலும் இப்படித்தான்.

வீடு வந்ததும் முதற்பணி கல்வெட்டு வாசிப்பு. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் படியெடுக்கும் முறைக்கும், தொல்லியலார் கல்வெட்டை மைப்படி எடுக்கும் முறைக்கும் வேறுபாடு அதிகமில்லை. தொல்லியலாருக்கு ஏஜென்ட் கிடையாது, அவ்வளவுதான்.

அடுத்தது அடுக்காய்வு. பெட்ரோல் டேங்கை ஈரமாக்கி உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் காலங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். மேலே உலோகச் சிவப்பு, அதற்கடியில் கறுப்பு, அதற்கும் அடியில், யாரோ வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சியது போன்ற பச்சை. பச்சைக்கும் கீழே, பார்த்ததும் கை தானே நிற்கும் ஒன்று: மெலிந்த பொன்னிறக் கோடு. திருவொற்றியூரில் டேங்கின் கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். அளவுகோல் இல்லை, ஒட்டுத்தாள் இல்லை. ஆதலால் எந்த இரண்டு டேங்கின் கோடும் அச்சாக ஒன்றுபோல் இராது. அந்தக் கோட்டைக் காப்பதா, சுரண்டிப் புதிதாக வரைவதா என்ற கேள்வியில் அறிஞர் உலகம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. காக்க வேண்டும் என்பதே இவ்வாய்வாளர் கட்சி. பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிய டேங்கைப் ‘பழைமை மாறாதது’ என்று காட்டுவோரோடு வாதிடுவதில் பயனில்லை.

இனி பிரித்தல். இந்நூல் அங்குல யாப்பில் இயற்றப்பட்டது. மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கொண்டு சீர்பிரித்தால் தளை தட்டும். அஃதாவது நட்டின் மூலை மழுங்கும். மழுங்கிய நட்டை இடுக்கிப் பிளேயரால் பிடித்துத் திருகிய தழும்புகளைக் கொண்டே முந்தைய உரைகாரர் எத்தகையவர் என்று கணிக்கலாம். துரு பிடித்துக் கட்டிக்கொண்ட நட்டுக்கு அவசரம் ஆகாது. எண்ணெய் விட்டு இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் நட்டைச் சற்றுச் சூடாக்கி, முதலில் இறுக்கும் பக்கம் ஓர் இம்மி அசைத்துவிட்டுப் பிறகு கழற்ற வேண்டும். டேங்கின் உட்துருவுக்குச் சல்லியும் சிறு நட்டுகளும் போட்டு, வினிகர் ஊற்றிக் குலுக்கி, ஊறவைத்து, சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்த வேண்டும். உலர்த்தத் தாமதித்தால் மதியத்துக்குள் துரு மறுபதிப்புக் காணும். இக்காலத்தில் சமையலறையில் வினிகர், சோடா, தயிர் டப்பா, பழைய பல்துலக்கி ஆகியவை காணாமற் போவதை இவ்வாய்வின் நெறியாளர் (ஆய்வாளரின் மனைவி) ஆவணப்படுத்தி வருகிறார்.

உரைகாரர்களில் இரண்டு பெருநெறிகள் உண்டு. ஒன்று கையேட்டு நெறி, மற்றொன்று செவிநெறி. சென்னையில் செவிநெறியின் தலைமைப் பீடம் புதுப்பேட்டை. கையேட்டு நெறியார் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும் என்று ஃபீலர் கேஜை நுழைப்பர். செவிநெறியார் சட்டைப் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நுழைப்பர். நல்ல விசிட்டிங் கார்டின் தடிமனும் ஏறத்தாழ அதுவே என்பதால் கருத்து வேறுபாடு வெறும் குலப்பெருமையே. டைமிங் வைக்கும்போது பாயிண்ட் திறக்கும் கணத்தை அறிய மெல்லிய சிகரெட் தாளைச் செருகி, அது எப்போது நழுவுகிறது என்று பார்ப்பதும் செவிநெறி மரபே. புகைபிடிக்காத மெக்கானிக்கும் இதற்காகவே ஒரு பெட்டி வைத்திருப்பார்.

டேப்பெட் விஷயத்தில் இரு நெறியும் ஒத்துப்போகின்றன. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் நிற்க வேண்டும். புஷ்ராடு விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஒத்துப்போகாதது அதன் பிறகு. செவிநெறியின் மூத்தவர் ஒருவர் நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினிலும் கைப்பிடியைத் தம் காதுக்குப் பக்கத்து எலும்பிலும் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டு, “எக்ஸாஸ்ட் கொஞ்சம் பேசுது சார்” என்றார். எந்தக் கருவியால் அளந்தாலும் அந்த வாக்கியத்துக்கு அலகு கிடைக்காது. திருத்தியபின் பேச்சு நின்றதென்னவோ உண்மை.

கிக் அடிக்கும் முறை இந்நூலின் கடவுள் வாழ்த்து. அதைத் தவிர்த்து நூலுக்குள் நுழைய முயன்றோரின் கணுக்கால்கள் சான்று. முதலில் பெட்ரோலைத் திற. சாவியைப் போடு. ஹெட்லைட் மேற்புறத்து ஆம்மீட்டரின் முள் குறை பக்கம் சாய்கிறதா பார். பாயிண்ட் மூடியிருக்கிறது என்று பொருள். கிக்கரை மெல்ல மிதி. முள் நடுவுக்கு வந்து நிற்கும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது. இப்போது இடக்கைப் பக்கத்து டீகம்ப்ரஷரைப் பிடித்து, கிக்கரை இன்னும் சிறிது தள்ளி, பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன்பின் முழு உடம்பின் எடையோடு ஒரே மிதி. பிஸ்டன் உச்சியைத் தாண்டும் முன்பே மிதித்தாலோ, டைமிங் முந்தியிருந்தாலோ, வண்டி ரிட்டன் அடிக்கும். உதை வாங்கும் வாசகனை வேறெந்த நூலிலும் காண்பதற்கில்லை.

இடைச்செருகல்களை நீக்குவது அடுத்த பணி. நம் படியில் நீக்கப்பட்டவை: ரயிலுக்கு வழிகேட்கும் ஹாரன், பின்னால் வருபவர் மேல் புகை விடும் நீளச் சைலென்சர், ஹேண்டிலில் தொங்கிய குஞ்சம், எதற்கு என்று தெரியாத இரண்டு ஸ்விட்சுகள். அந்த ஸ்விட்சுகளில் ஒன்றை நீக்கியதும் பிரேக் லைட் நின்றுபோனதால் அதுமட்டும் பாடபேதமாக ஏற்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டது. வலக்காலில் கியர், முதல் கியருக்கு மேலே தூக்கி மற்ற மூன்றுக்கும் கீழே அமுக்கும் வரிசை, குதிகாலால் மிதித்தால் நேராக நியூட்ரலுக்குக் கொண்டுபோகும் சிறு நெம்பு ஆகியவை மூலத்தவை, அவற்றில் கைவைக்கலாகாது. இன்றைய வண்டி ஓட்டிப் பழகிய மைத்துனர் இதில் ஏறி, பிரேக் என்று நினைத்துக் கியரை அமுக்கிய கணத்தில் முகத்தில் தோன்றியது, செய்யுளின் பொருள் விளங்காதவனின் முகபாவமே.

இப்போது மையக் கேள்வி. பல படிகளிலும் மாறாமல் காணப்படும் பாடமே மூலபாடம் என்பது பதிப்பியலின் பாலபாடம். ஊரில் காணக்கிடைத்த பழைய புல்லட்டுகளையெல்லாம் ஒப்புநோக்கியதில் நிறம் ஒன்றாக இல்லை, சீட்டு ஒன்றாக இல்லை, கார்புரேட்டர் ஒன்றாக இல்லை. எல்லாவற்றிலும் ஒருங்கே அமைந்தது ஒன்றே ஒன்று: நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. எனவே நெறிப்படி அதுவே மூலபாடம்.

“கசியாவிட்டால்தான் பயப்பட வேண்டும், உள்ளே எண்ணெயே இல்லையென்று பொருள்” என்ற வழக்கமான வாதத்தை இவ்வாய்வு ஏற்கவில்லை. உள்ளே எண்ணெய் உண்டா என்று பார்க்க மூடியோடு ஒரு டிப்ஸ்டிக் வைத்திருக்கிறார்கள். கசிவுக்கு உரிய காரணங்கள் வேறு. ஒற்றைச் சிலிண்டரில் பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் கீழே கிராங்க்கேஸின் காற்று அழுந்துகிறது. அது போகும் பிரீத்தர் குழாய் அடைத்திருந்தால் காற்று வேறு வழி தேடும், எண்ணெயைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். இடப்பக்கத்துச் செயின்கேஸின் பெரிய மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. விளிம்பு ரப்பர் கெட்டியாகிவிட்டால் எவ்வளவு இறுக்கியும் பயனில்லை, இறுக்க இறுக்க மூடிதான் வளையும். நெடுநாள் நிறுத்தி வைத்தால் எண்ணெய் அறையிலிருந்து எண்ணெய் மெல்ல இறங்கிக் கிராங்க்கேஸில் தேங்கும். கிளப்பியதும் பிரீத்தர் வழியே பொங்கும். ஆக, பழைய ரப்பருக்குப் பதில் புது ரப்பர், அளவான இறுக்கம், வாரம் ஒருமுறையாவது ஓட்டம். இவ்வளவு செய்தால் கறை சிறுக்கும். நிற்காது.

கறையை வாசிக்கத் தெரிந்தவனுக்குத் தனி மெக்கானிக் வேண்டாம். வண்டிக்கடியில் ஓர் அட்டையைப் போட்டுவைத்துக் காலையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் சொட்டியிருந்தால் செயின்கேஸ். நடுவில் என்றால் டிரெயின் நட்டின் வாஷர். வலப்பக்கம் என்றால் டைமிங் கவர், அல்லது ஒற்றை நட்டில் நிற்கும் டேப்பெட் மூடி. எண்ணெய்ப் பசையில்லாமல் வாசனை மட்டும் மிஞ்சியிருந்தால் பெட்ரோல். அன்று கிக் அடிக்கும் முன் தீப்பெட்டியைத் தூரப் போடவும்.

ஒருநாள் அட்டை போட மறந்ததில் மூலபாடம் வாசலுக்குப் பரவி, நெறியாளர் இட்ட புள்ளிக் கோலத்தின் தென்கிழக்கு மூலையைத் தொட்டது. “ஏங்க, இது என்ன?” என்றார். “இதுதாம்மா ஒரிஜினல்” என்று விடையளிக்கப்பட்டது. அன்று முதல் ஆய்வுக்களம் கொல்லைப்புறத்துக்கு மாற்றப்பட்டுள்ளது.

எஞ்சியிருப்பது சட்டச் சிக்கல். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பிரிவின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த, அடிப்படை உருவம் மாற்றப்படாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். பதிவெண்ணில் மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். அப்படிப் பதிந்த வண்டியை வழக்கமான பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும், ராலிக்கும், பெட்ரோல் போடவும், பராமரிப்புக்கும், தொழில்நுட்ப ஆய்வுக்கும் ஓட்டலாம்.

நம் படிக்கும் அந்த வயது வந்துவிட்டதால் விதியை இரவில் நெறியாளருக்கு வாசித்துக் காட்டினேன். “அப்போ கடைத்தெருவுக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கிட்டு வர்றது எதுல சேரும்?” என்றார். நுட்பமான வினா. கடைவரை போவது சந்தேகமின்றித் தொழில்நுட்ப ஆய்வு. திரும்பும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வருவோம், தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும் என்பதால் அது கண்காட்சி. இரண்டும் விதிக்கு உட்பட்டவையே.