எங்களைக் கண்டு பயந்த காலத்துக்கு நன்றி

பெறுநர்: வானொலிக்குப் பொதுப்பணம் ஒதுக்கும் மேலிடம், கோலாலம்பூர்.
அனுப்புநர்: கோலா கிளாவாங் பக்கத்து முன்னாள் தோட்டத்து ஆள்.

மாண்புமிகு ஐயா, அம்மா,

எதைக் கேட்பதற்கு முன்னும் நன்றி சொல்லிவிடுவது தோட்டத்து வழக்கம். கடைப்பற்றைப் பிடித்துக்கொண்டு கிராணி மிச்சச் சம்பளத்தைக் கையில் வைத்தபோதும் எங்கள் பெரியவர்கள் கும்பிட்டுத்தான் வாங்கினார்கள். அந்தப் பழக்கம் விடவில்லை. ஆகவே முதலில் என் நன்றி.

1948-ல் மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்தார்களே, அதற்கு நன்றி. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். காட்டோரத்தில் நாங்கள் இருந்தோம். தோட்டத்து ஆள் அரிசியும் கருவாடும் உள்ளே கடத்திவிடுவான் என்ற சந்தேகத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வேலியோடு நிறுத்தியிருந்தால் வெறும் கொடுமை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் கூடவே வானொலிப் பெட்டியும் வந்தது. 1950-ல் ஹியூ கார்ல்டன் கிரீன் என்பவரை லண்டனிலிருந்து வரவழைத்து, அவசரகாலத் தகவல் சேவையை அவர் கையில் கொடுத்தார்கள். நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் தம்பி அவர். 1960-லிருந்து 1969 வரை பிபிசியின் தலைமை இயக்குநராக இருந்தவரும் அவரே. அவ்வளவு பெரிய மூளையைத் தோட்டத்துக்காரனின் காதுக்காகச் செலவழித்தார்கள். ஆட்களை மாற்றிக் குடியமர்த்திய புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் எல்லாரும் கூடிக் கேட்கப் பொதுப்பெட்டிகள் வைத்தார்கள். யாரும் விண்ணப்பம் போடவில்லை, யாரும் மனு எழுதவில்லை.

யோசித்துப் பார்த்தால், எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த பண்பாட்டுக் கொள்கை அடுத்தவனுடைய பயம்தான். 1960-ல் அவசரகாலம் முடிந்தது. பயமும் முடிந்தது. இன்று எங்களைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. ஆபத்தில்லாத ஆட்களின் பாட்டும் கதையும் ஒலிபரப்பாகி என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் நினைத்தால் அதில் நியாயம் உண்டு. மறுபடியும் கொஞ்சம் ஆபத்தானவர்களாக மாறலாமா என்று கோப்பிக் கடையில் பேசிப் பார்த்தோம். ஒருவருக்கு முட்டிவலி, இன்னொருவருக்கு இனிப்புநீர். காடும் இப்போது செம்பனையாகிவிட்டது, ஒளிய வசதிப்படாது. ஆகவே கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று.

பயத்தில் வந்த பெட்டிக்குள் அன்போடு உட்கார்ந்து பேசியவர்கள் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ரெ. கார்த்திகேசு வானொலியில் வேலை பார்த்துவிட்டுத்தான் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இரெ. சண்முகம் உள்ளூர்ப் பாட்டு என்று ஒன்று இருக்க முடியும் என்பதை ஒலிவாங்கி முன்னால் நின்று காட்டினார். வானொலி வைத்திருக்க உரிமக் கட்டணம் கட்டிய காலம் அது. கட்டிய காசுக்கு நாடகம் வந்தது, கவிதை வந்தது, நேயர் விருப்பம் வந்தது.

நேயர் விருப்பம் என்றால் இளையவர்கள் பாட்டு நிகழ்ச்சி என்று நினைப்பார்கள். பாட்டு அதில் இரண்டாம்பட்சம். ஒரு பாட்டுக்கு முன்னால் வாசிக்கப்படும் பெயர்கள்தான் நிகழ்ச்சி. அப்பா பெயர், அம்மா பெயர், அக்கா மாமா, தம்பி தங்கைகள், பக்கத்து லயத்து அத்தை, எல்லார் பெயரும் முடிந்த பிறகு தோட்டத்தின் பெயர். தித்தி, பெர்தாங், சிம்பாங் டுரியான், பாஹாவ் என்று அறிவிப்பாளர் வாசிக்கும்போது நாட்டு வரைபடமே காதில் விரியும். எந்தத் தோட்டத்தில் எந்தக் குடும்பம் இருக்கிறது, யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நம்பகமான பதிவேடு அரசாங்கத்திடம்கூட இருந்திருக்காது. அந்தத் தோட்டங்களில் பல பிறகு துண்டு போடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புத் திட்டங்களாயின. அங்கே இருந்தவர்கள் சிரம்பான், நீலாய், கிள்ளான் என்று சிதறினார்கள். வாசிக்கப்பட்ட பெயர்கள் காற்றோடு போயின. அந்த நாடாக்களில் எத்தனை மிச்சம் என்று உங்கள் பெட்டகத்தைத் திறந்து பார்த்துச் சொன்னால் நாங்கள் மறுபடி நன்றி சொல்வோம்.

அரசாங்கத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மில் இருக்கிற பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. வானொலி 6 என்று இருந்தது 2005-ல் மின்னல் ஆனது. செய்தி, இலக்கியம், நாடகம், பக்தி, நேயர் அழைப்பு, சினிமாப் பாட்டு என்று தமிழுக்கு வேண்டிய அத்தனையையும் அந்த ஓர் அலைவரிசையே சுமக்க வேண்டியிருக்கிறது. மலாய்க்குத் தேசிய அலைவரிசை இருக்கிறது, பழைய பாட்டுக்கென்றே கிளாசிக் இருக்கிறது, எங்கள் மாநிலத்துக்கு நெகிரி எஃப்எம் இருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான், கிளாசிக்கில் வரும் பி. ரம்லி பாட்டை நானும் ரசிப்பவன். ஒரே ஆளைக் காலை ஆள்கணக்குப் பெரட்டுக்கும் அனுப்பி, பால் வெட்டவும் சொல்லி, ஆயாக்கொட்டகையில் பிள்ளையையும் பார்க்கச் சொன்னால் எதில்தான் கவனம் நிற்கும்?

உங்களைப் பாராட்ட இன்னொரு காரணம் உண்டு. 2025-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. நிதியைப் பங்கிட்டு வந்த நிறுவனமே கடையைக் கட்டுவதாக அறிவித்தது. கிராமத்துச் சின்ன நிலையங்கள்தான் முதலில் தள்ளாடின. தோட்டத்து வரலாற்றுக்கு இப்படி ஒரு வெட்டை நீங்கள் ஒருநாளும் செய்யவில்லை. வெட்டுவதற்கு ஒரு கிளையாவது இருக்க வேண்டும் அல்லவா? அந்தச் சிரமத்தை எங்களுக்கு வைக்காமல் விட்டீர்கள்.

ஞாபகத்துக்குச் செலவழிக்க அரசாங்கத்துக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் கோலா கிளாவாங்கைப் பாருங்கள். சின்ன ஊர், புக்கிட் தங்கா வளைவுகளில் வயிறு கலங்கி இறங்கினால் வந்துவிடும். இங்கே அடாட் என்ற மரபு வழக்குகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. 1897-ல் செத்துப்போன மார்ட்டின் லிஸ்டர் என்ற வெள்ளைக்கார ரெசிடெண்டுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர் பால் வெட்டியதாகத் தகவல் இல்லை. கட்டடத்துக்கும் கல்லுக்கும் ஒரு வசதி உண்டு: திறப்பு விழா நடத்தலாம், நாடா வெட்டலாம். மானியம் என்றால் நம் நாட்டில் ஆளுயர அட்டைக் காசோலை வேண்டும், அதன் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும். ஒப்பாரி பாடும் கிழவியின் குரலுக்கு எந்த முனையைப் பிடிப்பது? உங்கள் சங்கடம் புரிகிறது.

ஒரு தடவை நானும் விண்ணப்பப் பாரம் வாங்கினேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நிகழ்ச்சியின் இலக்கு வயது என்ன என்று ஒரு கேள்வி. பேச வேண்டியவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள் என்று எழுதினேன். கேட்பவர்களின் வயதைத்தான் கேட்கிறோம் என்றார்கள். சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று அடுத்த கேள்வி. எங்கள் முனீஸ்வரன் கோயில் உறுமி மேளத்தைச் சாமியாடிகள் பின்தொடர்வார்கள், அந்தக் கணக்கு செல்லாதாம்.

என்னதான் பதிவு செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். 1942-லும் 43-லும் ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக லாரி விட்டு ஆள் அள்ளி சயாமுக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. நாவலாசிரியர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். அவர்கள் தங்கள் உழைப்பில் எழுதியது புத்தகத்தில் இருக்கிறது. குரல் எங்கே? அன்று பதினைந்து வயதுப் பையனாகப் போனவன் இன்று உயிரோடு இருந்தால் நூறை நெருங்கியிருப்பான். இனி அவர்களுடைய பிள்ளைகளைத்தான் கேட்க முடியும், அந்தப் பிள்ளைகளுக்கும் இப்போது முதுமை.

காமன் கூத்து ஆடியவர்கள், அர்ச்சுனன் தபசில் மரம் ஏறியவர்கள், கங்காணியைத் திட்டிக்கொண்டே பால் வெட்டிய பெண்களின் கித்தாக்காட்டுப் பாட்டு எல்லாம் உண்டு. கடைசியில் சொன்னதில் சில ஒலிபரப்புக்கு ஏற்ற மொழியில் இருக்காது, வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டம் துண்டாடப்படாமல் தடுக்க மாதம் 10 வெள்ளி கட்டியவர்களின் வீடுகள் இந்தப் பக்கமும் உண்டு. தோட்டத்தையே சில்லறை சேர்த்து வாங்கிய சனம். எங்களிடம் மாதம் 10 வெள்ளி கேட்டு ஒரு வானொலி நிலையத்தை வாங்கிவிட யாராவது யோசனை சொன்னால் பணம் சேர்ந்தாலும் சேரும். உங்களுக்குத்தான் கௌரவக் குறைச்சல்.

ஒரு வேண்டுகோளை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சினிமாப் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. இந்தியாவில் பி.வி. கேஸ்கர் என்ற அமைச்சர் 1952-ல் அகில இந்திய வானொலியை அப்படித்தான் சுத்தப்படுத்தப் பார்த்தார். சனம் முழுக்க இலங்கை வானொலிக்குப் போய்விட்டது. 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கித் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. உயர்ந்த பண்பாட்டைக் கரண்டியில் ஊட்டும் வேலை எங்களுக்கு வேண்டாம். எம்.ஜி.ஆர். பாட்டுக்கு நடுவே வாரம் ஒரு மணி நேரம் எங்கள் ஆட்களும் பேசட்டும்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வேன், நல்ல ஒலிப்பதிவுக் கருவி, தமிழும் பொறுமையும் தெரிந்த இரண்டு பேருக்கு முழுச் சம்பளம் போடுங்கள். தன்னார்வலர் என்ற பெயரில் ஓசி ஆள் வேண்டாம், அதை நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவிட்டோம். ஒலிபரப்ப நேரம் ஒதுக்க முடியாவிட்டாலும் முதலில் பதிவு செய்யுங்கள், பதிந்ததைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் யாரும் கேட்கும்படி வையுங்கள். முதல் வண்டியை எங்கள் ஜெலுபு மாவட்டத்துக்கு அனுப்புங்கள். காலையிலேயே வரச் சொல்லுங்கள். பால் வெட்டிய உடம்பு, எங்கள் பெரியவர்கள் இன்றும் விடியுமுன் எழுந்துவிடுகிறார்கள். மதியத்துக்கு மேல் அவர்களுக்குப் பேச்சு தடுமாறும்.

இப்படிக்கு,
இதுவரை எந்தத் தொல்லையும் கொடுக்காத
ஒரு நேயர், கோலா கிளாவாங்.