ஒல்லாந்தன் குடிக்காத வேர்

1616ஆம் ஆண்டு ஷவுட்டன், லெ மேர் என்ற இரண்டு ஒல்லாந்தர் கப்பலோட்டிக்கொண்டு பசிபிக் கடலில் ஃபுட்டூனா என்ற தீவில் போய் இறங்கினார்கள். ஊர் அரசர் பெரிய மனது பண்ணி விருந்து வைத்தார். அவருடைய ஆட்கள் ஏதோ ஒரு வேரை வாயில் போட்டு நன்றாக மென்று, மரத்தொட்டியில் துப்பி, தண்ணீர் விட்டுப் பிசைந்து வடித்து, மரியாதையாக நீட்டினார்கள். விருந்தாளிகளுக்குப் பார்த்ததிலேயே வயிறு நிறைந்துவிட்டது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

அதுதான் கவா. மிளகுக்கும் வெற்றிலைக்கும் ஒன்றுவிட்ட சகோதரம். இது மட்டும் தெரிந்திருந்தால், மிளகுக்காக உலகத்தைச் சுற்றிய கூட்டம் துப்பலையும் பொருட்படுத்தாமல் மூட்டை கட்டியிருக்கும். எங்கள் யாழ்ப்பாணச் சனமும் மென்று துப்புவதில் யாருக்கும் குறைந்ததல்ல. அவர்கள் தொட்டியில் துப்பினார்கள், நாங்கள் சுவரில் துப்பினோம். அவ்வளவுதான்.

ஷவுட்டனின் ஊர் ஹோர்ன். போகிற போக்கில் அந்தத் தீவுக்கும் அதே பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். 1658இல் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து பிடித்தது. அதோடு எங்கள் தீவுகளுக்கும் பெயர்சூட்டு விழா. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். குட்டித் தீவொன்றுக்கு இங்கேயும் ஹோர்ன். புங்குடுதீவில் ஆடு மேய்த்த ஆச்சி, தான் மிடில்பர்க்காரி என்பது தெரியாமலே கண்ணை மூடியிருப்பாள். அத்தனை பெயரிலும் சனத்தின் வாயில் ஒட்டிக்கொண்டது டெல்ஃப்ட் ஒன்றுதான்.

இந்த ஹோர்ன் பக்கமும் வேர் இருந்தது. ஆனால் குடிக்கிற வேர் இல்லை, சாயவேர். புடவைக்குச் செம்மை ஏற்றுகிற சங்கதி. அதைக் கம்பனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. மணலில் குந்தியிருந்து வேர் குத்தியவனுக்கு முதுகு வலி, கம்பனிக்குக் காசு. அந்த முதுகு வலிக்கு மருந்து தலைக்கு மேலே, பனையில் தொங்கியது.

காலில் தளநார் மாட்டி, இடுப்பில் பாளைக்கத்தியோடு ஏறுகிறவர் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி முட்டியைக் கட்டுவார். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது கருப்பநீர். குழந்தைகளும் குடிக்கலாம், காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் காற்றிலிருக்கும் நுண்ணுயிர் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். சில மணித்தியாலத்தில் கள். சுண்ணாம்பு பூச மறந்துபோனவர்கள் எங்கள் வரலாற்றில் அதிகம். ஞாபகசக்திக்கு என்ன மருந்து கொடுத்தாலும் அந்த மறதி மாறவில்லை.

கவா குடித்தால் நாக்கு மரத்து, உடம்பு தளரும், மூளை தெளிவாக இருக்கும் என்கிறார்கள். கள் நேரெதிர். நாக்கு உயிர் பெற்றுவிடும், மற்றதெல்லாம் மரக்கும். பனையோலைப் பிளாவை இரண்டு கையாலும் பிடித்து, மிதக்கும் தேனீயை ஊதி ஒதுக்கிவிட்டு இழுக்க வேண்டும். மூன்றாவது பிளாவில் ஒல்லாந்தக் கவர்னருக்கே புத்தி சொல்லத் தோன்றும்.

பசிபிக்கில் கவாவை வைத்து முன்னோரோடு பேசினார்கள். இங்கே அண்ணமாருக்கும் வைரவருக்கும் கள் படைத்தார்கள். சாமிக்குக் காட்டிய முட்டியைப் பிறகு ஊர் பங்கிட்டது. பின்னாளில் சைவ ஆசாரம் முற்றி, அண்ணமார் கோயில் சில பிள்ளையார் கோயிலாகின. கள்ளுக்குப் பழகிய இடத்தில் மோதகம் வந்தது. அண்ணமாரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நயினாதீவுக்காரர் தங்கள் தீவுதான் மணிமேகலையின் மணிபல்லவம் என்பார்கள். அங்கே கோமுகிப் பொய்கையிலிருந்து வந்த அமுதசுரபியும் சோறுதான் சுரந்தது. புத்தர் சம்பந்தப்பட்ட பாத்திரத்தில் வேறு எதை எதிர்பார்ப்பது?

இதில் பெரிய மாயம் வேறு ஒன்று. கள் இறக்கியவரைக் கோயிலுக்குள் விடாதவர்கள், அவர் இறக்கிய கள்ளைத் தங்கள் வயிற்றுக்குள் விட்டார்கள். செக்கல் நேரத்தில் வேலிப்பொட்டுக்குள்ளால் நுழைந்து, தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு, ஒரு பிளா. விடிந்தால் நெற்றியில் மூன்று குறி. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டவர்களை மறித்தபோதும் கள்ளுக்கொட்டிலில் வியாபாரம் குறைந்திருக்கும் என்று நான் நம்பமாட்டேன். வெள்ளைக்காரன் தன் பங்குக்குத் தவறணையை ஏலம் போட்டுக் காசாக்கினான். இறக்கியவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கங்கள் வர 1972 ஆகவேண்டியிருந்தது.

கவாவைக் கடைசியில் தமிழனும் குடித்தான். 1903 தொடக்கம் 1916 வரை சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய் ஃபிஜிக்குக் கப்பலேறியவர்கள், கரும்புத் தோட்டத்தில் முறிந்த உடம்போடு அந்தத் தொட்டியைச் சுற்றிக் குந்தினார்கள். ஒல்லாந்தன் முகம் சுளித்த சாமானை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கலியாண வீட்டில் விடிய விடியக் குடிக்கிறார்கள். இப்போது மெல்லுவதில்லை, உரலில் இடித்த தூள்தான்.

எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு சொல். குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். காலைப் படகைப் பிடியுங்கள். பிந்திப் போனால் கள் புளித்துவிடும்.