அமிலத்தில் ஒரு குடித்தனம்

கேள்வி: வயிற்றில் ஒரு கிருமி இருந்தால் புற்றுநோய் வருமாமே? அவ்வளவு அமிலத்தில் கிருமி எப்படிப் பிழைக்கும்?

பதில்: மருத்துவ உலகமும் உங்களைப் போலத்தான் வெகுகாலம் நம்ப மறுத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இந்தக் கிருமி பலே கில்லாடி. யூரியாவை உடைத்து அம்மோனியா தயாரித்து, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடும். பிறகு திருகாணி போலச் சுழன்று சளிப்படலத்துக்குள் புகுந்து குடித்தனம் தொடங்கிவிடும். வாடகையும் தராது, காலியும் செய்யாது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டியும், அது நோய் தரும் என்பதைப் பலர் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்தார்! சில நாளில் வாந்தி. குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பையில் அழற்சி. என்ன துணிச்சல்! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

புற்று ஒரே நாளில் வருவதில்லை. அழற்சி பல ஆண்டுகள் நீடித்தால் அமிலச் சுரப்பிகள் தேய்கின்றன. அங்கே குடலில் இருக்கவேண்டிய செல்கள் முளைக்கின்றன. அவை உருக்குலைந்து, கடைசியில் புற்றாகலாம். இந்தக் கிருமியின் சில வகைகள் காக்-ஏ என்ற புரதத்தை ஊசி போடுவது போல நம் செல்லுக்குள் செலுத்துவதால் ஆபத்து கூடுகிறது.

பதறாதீர்கள். கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது. மூச்சுப் பரிசோதனையே கிருமியைக் காட்டிக்கொடுத்துவிடும். மருந்து பெரும்பாலும் 14 நாள். வயிற்று வலி நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இரைப்பைப் புற்று இருந்திருந்தால், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.